அண்ணியும் சமத்தும்

"உங்க அண்ணி இப்பல்லாம் சொந்தமா எதையும் யோசிக்கிறதே இல்லையாமே? எல்லாத்தையும் ஏதோ மெஷின் சொல்லுதாம். இவங்க கீழே பேர் மட்டும் போட்டுக் கொடுத்துடறாங்களாம்."

பெரியப்பா மகன் இதைப் போனில் சொன்னான். அவனுக்குச் சொன்னவர் அவனோடு வேலை பார்ப்பவர். அவருக்குச் சொன்னது அவருடைய மனைவி. அந்த மனைவி, அண்ணி வேலை செய்யும் கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறாராம். இத்தனை வாய் மாறி, ஒரு கடலும் தாண்டி என் காதுக்கு வந்திருந்தது செய்தி. "நெருப்பில்லாம புகையுமா?" என்று வேறு கேட்டான். எங்கள் குடும்பத்தில் புகைவதற்கு நெருப்பெல்லாம் தேவையில்லை. இவன் கையில் ஒரு போன் இருந்தால் போதும்.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. தூர தேசத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வீட்டுச் செய்தி எதுவும் அதன் சொந்த அளவில் வந்து சேர்வதில்லை. அண்ணனுக்கு ஜலதோஷம் என்றால் நான் இங்கே மனசுக்குள்ளேயே ஆஸ்பத்திரி வரை போய்விட்டுத் திரும்புவேன். அண்ணியின் வேலைக்கே யாரோ உலை வைக்கிறார்கள் என்றால் எப்படிச் சும்மா இருப்பது? விடுப்பு ஏற்கெனவே வாங்கியிருந்தேன். அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் அண்ணி விளையாட்டு யோசிப்பவர். இதைச் சொன்னால் பலருக்கும் விளங்குவதில்லை. "கம்ப்யூட்டர் கேமா?" என்பார்கள். இல்லை. பெட்டிக்குள் வருமே, மடித்த அட்டை, காய்கள், பகடை, சீட்டுக்கட்டு, மூடியின் உள்பக்கம் ஒட்டிய விதிமுறைத் தாள், அந்த விளையாட்டு. குடும்பமாக உட்கார்ந்து ஆடிவிட்டு, கடைசியில் யாரோடாவது பேச்சு நின்றுபோய் எழுந்திருப்போமே, அது. அதையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மழை மாதிரி அதுபாட்டுக்கு வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அண்ணி இந்த வேலைக்கு வந்தது ஒரு தப்பினால்தான். அவர் சேரும்போது பெட்டி கட்டும் மேஜையில் மூடி போடுகிற வேலை. நீளமான மேஜை. பெட்டி நகர்ந்து வரவர ஆளுக்கு ஒரு சாமானை உள்ளே வைப்பார்கள். ஒருவர் அட்டை, ஒருவர் காய், ஒருவர் பகடை. ஒரு நாள் பகடை வைக்கிற அம்மா வரவில்லை. அவருக்குப் பதிலாக உட்கார்ந்தவர் பக்கத்து மேஜைக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் பகடைக்குப் பதில் மணல் கடிகாரத்தைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். லாரி கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். பகடை இல்லாத பந்தய விளையாட்டை யார் வாங்குவார்கள்?

அண்ணி அன்றைக்கு அந்தத் தப்புப் பெட்டியில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அண்ணனை எதிரே உட்கார வைத்தார். மறுநாள் முதலாளியிடம் போய், பெட்டிகளைத் திரும்ப வரவழைக்க வேண்டாம், ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பினால் போதும் என்றார். தாளில் இருந்த விதி இதுதான்: மணல் இறங்குவதற்குள் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் ஓடலாம், ஒவ்வொரு கட்டத்திலும் காயை நிமிர்த்தி நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும், காய் விழுந்தாலோ, மணல் தீரும்போது கை காயின் மேல் இருந்தாலோ முதல் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அதோடு ஒன்று, மணல் கடிகாரத்தை எதிராளி கையால் மறைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர்கள் அடுத்த முறை அந்தத் தப்புப் பெட்டியையே கேட்டு வாங்கினார்கள். முதலாளி சாமான் கிடங்குக்கு மேலே இருந்த அறையைக் காலி செய்து, ஒரு பெரிய மேஜை போட்டு, "இனிமே நீ கீழே வராதே" என்றார். அப்படித்தான் யோசனை அறை பிறந்தது. அதில் அண்ணியும், பலகைகளுக்குப் படம் வரைகிற ஓவியரும். ஜன்னலைத் திறந்தால் லாரி ஏற்றும் முற்றம். மூடினால் கோந்து வாசனை.

எதிராளி மணல் கடிகாரத்தை மறைக்கலாம் என்ற விதி எங்கிருந்து வந்தது? அன்றைக்கு அண்ணன் அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "இன்னும் நிறைய மணல் இருக்கு, நிதானமா ஆடு" என்று பொய் சொன்னதிலிருந்து. அண்ணி சண்டை போடவில்லை. அதை விதியாக எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுதான் அவர் வேலை செய்யும் முறை. ஆட்டத்தைப் பார்க்க மாட்டார், அழுகுணி ஆட்டத்தைப் பார்ப்பார். டாக்டர் வீட்டு வரிசையில் குடையை வைத்து இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போகிற மனிதரையும், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையைப் பரப்பிவிட்டுத் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்கிற பெண்ணையும், எங்களுக்குக் கோபம் வருகிற இடத்தில், அவர் நகைக்கடையில் நிற்பவர் மாதிரி பார்ப்பார். "மனுஷன் எங்க ஏமாத்துறானோ, அங்கதான் அவனுக்கு உண்மையிலேயே ஜெயிக்கணும்னு இருக்கு. ஆட்டம் அங்கதான் இருக்கு" என்பார். அண்ணனோ பிறவி ஏமாற்றுக்காரன், விளையாட்டில் மட்டும். கட்டத்தை எண்ணும்போது ஒன்றை விழுங்குவான், சீட்டைத் தொடைக்கு அடியில் வைப்பான். "உங்க அண்ணன் மட்டும் யோக்கியமா ஆடியிருந்தார்னா, நான் இன்னிக்கும் மூடிதான் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்" என்று அண்ணி சொல்லும்போது அவன் ஏதோ விருது வாங்கியவன் போல நிமிர்ந்து உட்காருவான்.

நான் போய் இறங்கியதும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கேட்டேன்.

"அண்ணி, மெஷின்தான் எல்லாம் யோசிக்குதாமே?"

"வாங்க நாத்தனாரே. வந்ததும் விசாரணையா? காபி குடிச்சிட்டு விசாரிக்கக் கூடாதா?" என்றார். "எந்த வழியா வந்துச்சு செய்தி? உங்க பெரியப்பா மகனா?"

"ஆமா."

"அப்ப பாதி உண்மையா இருக்கும். மீதிப் பாதியைத்தான் அவர் பண்ணியிருப்பார்."

நடந்தது இது. முதலாளியின் மகள் படிப்பை முடித்துவிட்டு நிர்வாகத்துக்கு வந்திருந்தாள். எல்லோரும் அவளைச் சின்ன முதலாளி என்பார்கள். கேட்டால் எழுதித் தரும், கேட்காவிட்டாலும் யோசனை சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை யோசனை அறைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். அண்ணி பயந்திருப்பார் என்று நான் நினைத்தேன். அதெல்லாம் இல்லை. முதல் வாரம் முழுக்க அதை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம்.

"எதைக் கேட்டாலும் சொல்லுது, நாத்தனாரே. திருப்பித் திருப்பிக் கேட்டாலும் முகம் சுளிக்கல. நான் தப்பா சொன்னாக்கூட 'நல்ல கேள்வி'ங்குது. இவ்வளவு சமத்தா ஒரு புள்ளைய நான் பார்த்ததே இல்ல."

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சமத்து. ஓவியர்கூட, "அக்கா, சமத்து என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்.

சமத்து சொன்ன யோசனைகளில் ஒன்று சின்ன முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போனது. புயலில் தவிக்கும் கப்பல்களை எல்லோரும் சேர்ந்து கலங்கரை விளக்க வெளிச்சத்தால் கரை சேர்க்க வேண்டும். அழகான யோசனைதான். அண்ணி, "இதுல ஏமாத்த இடமே இல்லையே" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் கேட்கவில்லை. மாதிரிப் பெட்டி செய்து, ஊரெங்கும் கிளைகள் வைத்திருக்கும் பெரிய கடைக்கு எடுத்துப் போனார்கள். அந்தக் கடையின் அலமாரியில் இடம் கிடைத்தால்தான் இவர்களுக்கு வருஷம் ஓடும். அங்கே எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் ஒரு நடுத்தர வயது அம்மா. பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே போய் இன்னும் இரண்டு பெட்டிகளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். வேறு வேறு கம்பெனிகள். இரண்டிலும் கலங்கரை விளக்கம். இரண்டிலும் புயல், கப்பல். வானத்துக்கு அடித்திருந்த ஊதா நிறம்கூட அதே ஊதா.

"மூணு பேரும் ஒரே டீச்சர்கிட்ட டியூஷன் போறீங்களா?" என்று சிரித்தாராம் அந்த அம்மா.

அந்தச் சிரிப்புதான் கம்பெனி முழுக்கப் பரவி, அண்ணி மெஷினைப் பார்த்துக் காப்பியடிக்கிறார் என்று ஆகி, கடல் தாண்டியது. பெட்டியின் மேல் 'யோசனை அறை' என்று போட்டிருந்ததால் எல்லோரும் அது அண்ணியுடையது என்றே நினைத்தார்கள். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். இன்னொரு விளையாட்டைப் பார்க்க அந்த அம்மா சம்மதித்திருக்கிறார். அதுவும் வேறு யாருடையதையாவது போல இருந்தால் யோசனை அறையை மூடிவிட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணி கீழே போய்ப் பெட்டிகளைச் சரிபார்க்கும் மேஜையில் உட்கார வேண்டும். ஓவியர் வீட்டுக்கே போக வேண்டும்.

"நீங்க சொல்ல வேண்டியதுதானே, அது உங்க யோசனை இல்லைன்னு?" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு இப்பத்தான் பொறுப்புக்கு வந்திருக்கா. எதையோ செஞ்சு காட்டணும்னு துடிக்கிறா. அவங்கப்பா முன்னாடி நான் போய் அவளைக் கை காட்டவா?" என்றார் அண்ணி. "அதுவும் இல்லாம, அடுத்த ஆட்டத்தை நல்லா பண்ணிட்டா இந்தப் பேச்செல்லாம் தானா அடங்கிடும்."

அடுத்த ஆட்டம் அவரிடம் தயாராகத்தான் இருந்தது. லிஃப்ட். உயரமான கட்டடம். ஒவ்வொருவரும் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்பது அவரவருக்கு மட்டும் தெரியும். லிஃப்டில் இத்தனை எடைதான் ஏற்றலாம். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே தள்ளுவது? அண்ணி ஒரு வாரமாகப் படிக்கட்டையே மறந்து, பார்க்கிற கட்டடத்தில் எல்லாம் லிஃப்டில் ஏறி இறங்கி யோசித்தது. எனக்கும் கேட்டவுடன் பிடித்துவிட்டது.

மறுநாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க யோசனை அறைக்குப் போனேன். ஓவியர் காதில் பென்சிலோடு, கம்ப்யூட்டரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சும்மாதான் கேட்டேன்க்கா" என்றார் என்னைப் பார்த்து, நான்தான் நீதிபதி போல. "முன்ன பின்ன தெரியாதவங்க ஒண்ணா மாட்டிக்கிற இடத்துல ஒரு விளையாட்டு சொல்லுன்னு கேட்டேன். அவ்வளவுதான். லிஃப்ட்ங்கிற வார்த்தையையே நான் சொல்லல."

திரையில் வரிசையாக யோசனைகள். ரயில் பெட்டி, விமான நிலையம், தங்கும் விடுதி. அதற்கடுத்தது லிஃப்ட். ரகசிய மாடி. எடை வரம்பு. அப்படியே.

அண்ணி கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"திருடிடுச்சா அக்கா?" என்றார் ஓவியர்.

"என் தலைக்குள்ள வந்து எப்படித் திருடும்? அது திருடல." அண்ணி குரல் இறங்கியிருந்தது. "எல்லாரும் போற பாதையில நானும் போயிருக்கேன். அவ்வளவுதான். நடந்து போனதால புதுப் பாதைன்னு நினைச்சுட்டேன். இது மூச்சு விடுற நேரத்துல அங்க போய் உட்கார்ந்திருக்கு."

"உங்களுக்கும் தோணினதுதானே? அப்படியே கொடுத்துடுங்க" என்றேன்.

"அந்த அம்மா திரும்ப உள்ள போய் ரெண்டு பெட்டிய எடுத்துட்டு வந்தா?"

அண்ணி எழுந்து சமத்து சொன்ன யோசனைகளை எல்லாம் அச்செடுத்து ஒரு பக்கச் சுவரில் ஒட்டினார். லிஃப்டையும் சேர்த்து. தன் கையாலேயே. "இது எல்லாருக்கும் தோணுறது. இந்தச் சுவர்ல இருக்கிற எதையும் நாம தொடக் கூடாது" என்று ஓவியரிடம் சொன்னார். எனக்கு அந்த நிமிஷம் மறக்காது. ஒரு வாரத்து உழைப்பை அப்படிச் சுவரில் ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார என்னால் முடியாது. நான் எழுதும் ஒரு மின்னஞ்சலில் ஒரு வரியை மேலதிகாரி அடித்தாலே இரண்டு நாள் சோறு இறங்காது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். "லிஃப்டைப் புதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடிப் பார்த்துடலாம். செஞ்ச காயெல்லாம் இருக்கே" என்று அண்ணி பலகையை விரித்தார். நான், அண்ணன், அண்ணி, எதிர்வீட்டுத் தையல்காரம்மா. அந்த அம்மா வாயில் ஊசியை வைத்துக்கொண்டு பேசிப் பழகியவர். ஊசி இல்லாதபோதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசுவார்.

"என்னம்மா இது, எனக்கு ஏழாவது மாடியா? முட்டி வலிக்காரிக்கு ஏழாவது மாடி குடுக்கிறியே!"

"நீங்க உங்க மாடிய வெளியே சொல்லக் கூடாதுங்க!" அண்ணன் கத்தினான்.

"ஏன், சொன்னா என்ன, போலீஸ் வருமா?"

ஆட்டம் நன்றாகத்தான் போனது. பாதியில் அண்ணி தண்ணீர் எடுக்க எழுந்தார். தையல்காரம்மா கண்ணாடியைத் துடைத்தார். அந்தச் சமயம் அண்ணன் எடைச் சீட்டு ஒன்றைத் தொடைக்கு அடியில் தள்ளினான். நான் பார்த்தேன். அவனும் நான் பார்த்ததைப் பார்த்தான். நான் பலகையின் மூலையை ரொம்ப அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தேன்.

அண்ணி சொம்போடு வாசற்படியிலேயே நின்றார்.

"நாத்தனாரே, நீ பார்த்தேல்ல?"

"எதை?"

"அவர் சீட்டை ஒளிச்சு வச்சதை."

அண்ணன், "நான் எங்க..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க சும்மா இருங்க. உங்களை யாரும் கேட்கல. நீங்க ஏமாத்துறது ஊருக்கே தெரியும்." அண்ணி என்னையே பார்த்தார். "நீ பார்த்தும் ஏன் சொல்லல?"

"வம்பு எதுக்குன்னுதான். ஊருக்குப் போற நேரத்துல அண்ணனோட எதுக்குச் சண்டை..."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? என் முறை வரும்போது அவன் என்னை லிஃப்ட்ல ஏத்திக்குவான்னு நினைச்சேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே என் மனசு தெரிந்தது. தையல்காரம்மா, "அடிப் பாவி! அண்ணனும் தங்கச்சியும் கூட்டா?" என்று பல்லைக் கடித்தார்.

அண்ணி சொம்பைக் கீழே வைக்க மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா நான் ஏமாத்துறவரையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். பக்கத்துல ஒருத்தி பார்த்துட்டுப் பேசாம இருக்கா. அவளைப் பார்க்கவே இல்லையே" என்றார்.

லிஃப்ட் பலகை அப்படியே கிடந்தது. அதன் காய்களை வைத்தே புதிய ஆட்டம் ஆரம்பமானது. எல்லோருக்கும் ஒரு சின்னத் தப்புச் சீட்டு. ஒரு கட்டம் கூடுதலாகப் போ, அடுத்தவர் சீட்டை எட்டிப் பார், ஒரு காயை எடுத்து மடியில் போட்டுக்கொள். செய்வதை யாராவது பார்த்துவிட்டால் அவர் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கலாம். அல்லது கண் படம் போட்ட அட்டை வில்லை ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். சும்மா இருந்தால் சுற்று முடிந்ததும் ஏமாற்றியவர் தன் லாபத்தில் பாதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். அண்ணன் அதற்கு அப்போதே பெயர் வைத்தான். 'கண்டுக்காதே.'

திங்கட்கிழமை அண்ணி அதைச் சமத்திடம் எடுத்துப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர்களுக்கு விதிமுறையை இன்னொரு மொழியில் எழுதித் தர வேண்டும். எனக்கு இரண்டும் தெரியும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்திருந்தது.

முதலில் சமத்துக்கு ஆட்டம் பிடிக்கவே இல்லை. 'குடும்பங்கள் ஆடும் விளையாட்டில் ஏமாற்றுவதை ஊக்குவிப்பதற்குப் பதிலாக, நேர்மையாக ஆடுபவர்களுக்குக் கூடுதல் புள்ளிகள் வழங்கலாமே?' என்று எழுதியது.

"பார்த்தியா? வாத்தியாரம்மா புள்ள!" அண்ணி சிரித்துக்கொண்டே தட்டினார்: 'கண்ணு, ஏமாத்துறதுதான் ஆட்டமே. அதை ஒத்துக்கிட்டு அப்புறம் ஓட்டை எங்க இருக்குன்னு சொல்லு.'

ஒத்துக்கொண்டது. பிறகு அது கேட்ட கேள்விகளில் ஒன்றைப் படித்ததும் அண்ணி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

'பார்த்தும் சொல்லாமல் இருப்பவருக்கு லாபம் மட்டுமே உண்டு, நஷ்டம் எதுவும் இல்லை. அப்படியானால் எல்லோரும் எப்போதும் மௌனமாகவே இருந்துவிட மாட்டார்களா?'

ஓவியர் எட்டிப் பார்த்தார். "ஆமாக்கா. ரெண்டாவது சுத்துலயே ஆட்டம் செத்துடும்."

"உங்க அண்ணன் ஜென்மத்துக்கும் இதைக் கேட்டிருக்க மாட்டார்" என்றார் அண்ணி என்னிடம். பிறகு திரையைப் பார்த்து, யாரோ பெரிய மனிதருக்குச் சொல்வது போல, "நல்ல கேள்வி" என்றார்.

பதிலுக்குச் சமத்தும் சில வழிகள் சொன்னது. அண்ணி அவற்றைப் படித்துவிட்டு, "இதுவும் அந்தச் சுவருக்குத்தான்" என்று தலையை ஆட்டினார். பதில் வீட்டில்தான் கிடைத்தது, அன்று சாயங்காலமே. அண்ணன் ஏமாற்றியதைப் பார்த்துவிட்டு நான் வில்லையைக் கவிழ்த்தேன். அதே சமயம் தையல்காரம்மாவும் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார். அண்ணனைத் திட்டி முடித்த கையோடு என் பக்கம் திரும்பினார். "அவனாவது திருடன். நீ பார்த்துக்கிட்டே இருந்தியே, நீ யாரு? கூட்டுக் களவாணி! உனக்குத்தான் ரெட்டை அபராதம்!"

அண்ணி மேஜையைத் தட்டினார். "அதேதான்!"

சொல்லாமல் இருந்தவர், இன்னொருவர் காட்டிக்கொடுத்து மாட்டிக்கொண்டால், ஏமாற்றியவரை விட அதிகமாக இழப்பார். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கண்ணும் இன்னொரு கண்ணைப் பார்க்க ஆரம்பித்தது. நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வில்லையை எடுப்பேன், யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துப் பார்த்து விதியைத் திருத்தினார். "நீ பயப்படுற அளவுக்கு யாரும் பயப்பட முடியாது. உனக்குத் தாங்கினா ஊருக்கே தாங்கும்."

நான் கிளம்பும் வரை வேலை நடந்தது. ஓவியர் கண் வில்லைகளை வரைந்தார். ஒவ்வொரு கண்ணும் வேறு திசையில் பார்த்தது. சமத்து விதிகளைச் சின்னச் சின்ன வாக்கியமாக உடைத்துக் கொடுத்தது. அதில் அதற்கு நிகர் யாரும் இல்லை. அண்ணியும் நானும் சேர்ந்து அதே விதிகளை நீட்டி முழக்கியிருப்போம். சின்ன முதலாளி ஒரு மதியம் மேலே வந்து ஆடினாள். ஆடும்போது நான்கு பேர் சிரிப்பும் கீழே முற்றம் வரை கேட்டது. எழுந்து போகும்போது கதவருகே நின்று, "அக்கா, கலங்கரை விளக்கத்தை எடுத்தது நான்தான்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அண்ணி, "எதுக்கும்மா அதெல்லாம் இப்ப?" என்றார். "சொல்லணும்னு தோணுச்சுக்கா" என்றாள் அவள். "ஆனா இந்தத் தடவையும் ஒரே மாதிரி வந்துட்டா அறையை மூடுறதுல மாற்றம் இல்லைன்னு சொல்லிட்டார். என்னால அதுக்கு மேல பேச முடியல."

ஓவியர் தினமும் சமத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார். சுற்றி வளைத்து எப்படியெல்லாமோ கேட்டார். துப்பறிகிறவர், திருடன், ரகசிய உளவாளி என்று வந்தது. பிடிப்பவரும் மாட்டுபவரும் வந்தார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவர் வரவில்லை. ஆனால் அது நம் அறையில் வரவில்லை என்பதுதானே? வேறு அறைகளில்?

விமான நிலையத்துக்கு வரும் வழியில் அதைக் கேட்டே விட்டேன். "அண்ணி, இந்தத் தடவையும் வேற யாருக்காவது இதே தோணியிருந்தா?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு. லிஃப்டுக்கு அப்புறம் எனக்கு எது தோணினாலும் இது என்னுதான்னு தெரியல. ஆனா ஒண்ணு. இதே வேற ஒருத்திக்குத் தோணியிருந்தா, அவ வீட்டுலயும் உங்க அண்ணன மாதிரி ஒருத்தர் இருக்கார்னு அர்த்தம். பாவம், நானே போன் பண்ணி அவளுக்கு ஆறுதல் சொல்லுவேன்."

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன், "காதுல விழுந்துச்சு" என்றான்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இன்றைக்குத்தான் பெரிய கடையின் அந்த அம்மா 'கண்டுக்காதே'யைப் பார்க்கும் நாள். காலையிலிருந்து இங்கே என் மேஜையில் ஒரு வேலையும் ஓடவில்லை. மொழிபெயர்க்க வேண்டிய தாளில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனைக் கூப்பிட்டேன். "போய் ரொம்ப நேரம் ஆச்சு குட்டி. எனக்குப் போன் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா" என்றான். சத்தமாகத்தான் பேசினான், ஆனால் அவனிடம் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஓவியர் எடுக்கவில்லை. சின்ன முதலாளியிடமிருந்து மட்டும் ஒரு செய்தி வந்தது: 'உள்ளே போய்விட்டோம். அந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, மற்ற கம்பெனிகளின் பெட்டிகளை எடுத்து வர உள்ளே போயிருக்கிறார்.'

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. செய்தி வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. நல்ல சேதி என்றால் இந்நேரம் சொல்லியிருக்க மாட்டார்களா? கெட்ட சேதி என்றாலும் சொல்லியிருப்பார்களே? நான் அலுவலக நடைவழிக்கு வந்து, கூப்பிடக் கூடாது என்று சொன்னதையும் மீறி, அண்ணியின் எண்ணை அழுத்திவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மேலதிகாரி என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர் போலப் போகிறார். காதோடு போனை அழுத்திப் பிடித்திருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.